சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பு பூசுங்கள்

கேள்வி: பிரான்ஸில் க்ரூஸ் மாவட்டக் கிராமம் ஒன்றில் பழைய கல் வீடு வாங்கியிருக்கிறோம். உள்சுவரில் ஓயாத ஈரம். நாங்களே சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் என் வீட்டில், முன்பு இருந்தவர்கள் பூசிய சிமென்ட்டை ஒரு கோடை முழுக்க உளியால் கொத்தி எடுத்தவன் நான். உள்ளே கல்லுக்கு நடுவில் இருந்த மண் சேறாகிக் கிடந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியே ஆவியாக வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும். கட்டுமானக் கடையில் 'ஷோ' என்று கேட்டால் சுண்ணாம்பு தருவார்கள். மூட்டையில் என்.எச்.எல். 3.5 (தண்ணீரோடு சேர்ந்து இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வகை) என்று இருக்கட்டும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போனால் பூசாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். அப்புறம், வெளிச்சுவரைத் தொடுவதற்கு முன் ஊர் மேயர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.