மேயர் வேட்பாளர் பஸ் விடுவாரா?

கேள்வி: நான் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வீடு பாளையங்கோட்டை சாந்திநகர். கடை அடைத்துக் கிளம்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் எங்கள் பக்கம் வரும் கடைசி டவுன் பஸ் போய்விடுகிறது. வரப்போகும் மாநகராட்சித் தேர்தலில் நான்தான் மேயர் என்று சொல்லிக்கொண்டு வரும் ஓர் அண்ணாச்சி, ராத்திரி பதினொரு மணி வரை மினிபஸ் விடுவேன் என்கிறார். இன்னொருவர், நியூயார்க் மேயரே இலவச பஸ் என்று சொல்லித்தான் ஜெயித்தார் என்று வீடியோ காட்டி, இங்கேயும் எல்லாருக்கும் இலவசம், மெட்ரோவும் வரும் என்கிறார். இதற்கிடையே 'பஸ் ரூட் கமிட்டி' என்று வீட்டுக்கு 500 ரூபாய் வாங்கினார்கள். நானும் கொடுத்தேன். இந்த இரண்டு பேரில் யாரை மேயராக்க ஓட்டுப் போட்டால் எனக்கு பஸ் வரும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, கேட்க வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேயரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உங்களிடம் இல்லை. 2011-இல் மேயருக்கென்று தனியாக ஓட்டுப் போட்டோம். அப்புறம் சட்டத்தை மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள். கடைசியாக 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தோடு அந்த ஓட்டு நம் கையை விட்டுப் போனது. இப்போது நீங்கள் போடுவது உங்கள் வார்டு கவுன்சிலருக்கான ஓட்டு மட்டும்தான். நெல்லையில் 55 வார்டு. அந்த 55 பேரும் கூடி, தங்களுக்குள் ஒருவரை மேயராக ஆக்குகிறார்கள். 2022 பிப்ரவரி 19-இல் நாம் ஓட்டுப் போட்டோம், மார்ச் 4-இல் அவர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படி வந்த மேயர் 2024 ஜூலையில் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 5-இல் புது மேயருக்கு மறுபடியும் கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டார்கள். அன்றைய ஆளுங்கட்சி நிறுத்தியவரை எதிர்த்து அதே கட்சிக் கவுன்சிலர் ஒருவர் நின்றார். கட்சி நிறுத்தியவருக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்றவருக்கு 23 ஓட்டு. கட்சித்தாவல் தடைச் சட்டம் எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும்தான், கவுன்சிலரை அது கட்டுப்படுத்தாது. அதனால் "நான்தான் அடுத்த மேயர்" என்று உங்கள் தெருவில் ஒருவர் சொன்னால், தன் வார்டில் முதலில் ஜெயித்து, அப்புறம் மற்ற கவுன்சிலர்களில் பாதிக்கு மேல் பிடித்தால்தான் அது நடக்கும். உங்களுக்கு அவர் தர முடிகிற வாக்கு கவுன்சிலராக இருந்து செய்யக்கூடியது மட்டும்.

சரி, மேயரே ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் விடுவாரா? நெல்லையில் ஓடும் அரசு டவுன் பஸ் ஒன்றுகூட மாநகராட்சியுடையது கிடையாது. எல்லாம் வண்ணாரப்பேட்டையில் தலைமை அலுவலகம் இருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகள். பழைய ஆட்கள் இன்னும் கட்டபொம்மன் என்றே சொல்வார்கள். 1997 வரை அதுதான் கழகத்தின் பெயர். வழித்தடம், நேரம், டிரைவர், கண்டக்டர், டீசல் எல்லாமே மாநில அரசின் கீழ் வருகிறது. மினிபஸ் தனியார் வண்டி. அதற்குப் பர்மிட் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர், காகித வேலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடக்கும். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய மினிபஸ் திட்டமும் மாநில அரசு கொண்டுவந்ததுதான். இதில் மேயர் கையெழுத்துப் போடும் இடமே இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பது 2021 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. அது தனியார் மினிபஸ்ஸுக்குப் பொருந்தாது. ஆக, முதல் அண்ணாச்சி சொல்லும் மினிபஸ் வந்தால் நீங்கள் காசு கொடுத்துப் போவீர்கள். இரண்டாமவர் சொல்லும் இலவசம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பதரை மணிக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை, அதை மேயராக இருந்து தர இரண்டு பேராலும் முடியாது.

அந்த நியூயார்க் வீடியோவை நானும் பார்த்தேன். சொஹ்ரான் மம்தானி 2025 நவம்பர் 4-இல் ஜெயித்தது உண்மை, வேகமான இலவச பஸ் என்று வாக்குக் கொடுத்ததும் உண்மை. ஆனால் அங்கேயும் பஸ்ஸை ஓட்டுவது எம்.டி.ஏ. என்ற மாநில அமைப்பு. அதன் தலைமையைத் தீர்மானிப்பவர் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர். மம்தானியை எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ குவோமோ முன்னாள் ஆளுநர்; எம்.டி.ஏ. அவர் பொறுப்பில் இருந்த காலமும் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த நகரத்தில் ஐந்து வழித்தடங்களில் இலவசமாக ஓட்டிப் பார்த்தார்கள். அதற்காகப் போராடியவர்களில் மம்தானியும் ஒருவர், ஆனால் அப்போது அவர் மாநில சட்டமன்ற உறுப்பினர். மாநிலம் நீட்டிக்கவில்லை, 2024 ஆகஸ்டோடு நின்றுபோனது. அதே நகரத்தில் மேயரின் கீழ் நேரடியாக இருப்பது தெரு. பஸ்ஸுக்குத் தனித் தடம் போடுவது, நிறுத்தத்தில் நிற்கும் காரை எடுக்க வைப்பது, நடைபாதை, இதெல்லாம் அங்கே மாநகர நிர்வாகம் செய்கிறது. வண்டி மாநிலத்துக்கு, தெரு மாநகருக்கு. நெல்லையிலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

அதனால் கவுன்சிலர் வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது தெருவைப் பற்றிக் கேளுங்கள். ராத்திரி நீங்கள் இறங்கும் நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா? அங்கிருந்து வீடு வரை எத்தனை கம்பத்தில் பல்பு இல்லை? நிழற்குடைக்குள் கடை போட்டிருக்கிறார்களா, பைக் நிறுத்தியிருக்கிறார்களா? பஸ் ஒதுங்க இடமில்லாமல் நடுரோட்டில் நின்று ஆள் இறக்குகிறதா? இவை மாநகராட்சி வேலை. பேருந்து நிலையங்களும் மாநகராட்சிப் பொறுப்பில்தான் இருக்கின்றன. 2018 இறுதியில் இடித்துக் கட்ட மூடிய சந்திப்புப் பெரியார் பேருந்து நிலையம் 2024-இல்தான் திறந்தது. அத்தனை வருஷம் ஜங்ஷனில் வெயிலிலும் மழையிலும் சாலையோரம் நின்றவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? 2016 கடைசியிலிருந்து 2022 வரை கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை, தேர்தலையே நடத்தவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மனுக்கள் மாட்டிக்கொண்டு அலைவது இதில்தான். மாநகருக்குள் இருக்கும் எல்லாச் சாலையும் மாநகராட்சிச் சாலை கிடையாது. பஸ் ஓடும் பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. தார் போடுவது, சாலையை அகலப்படுத்துவது, நடுத் தடுப்பு வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் அதே சாலையில் தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சியைச் சேரும். நிழற்குடையை எம்.எல்.ஏ. நிதியில் கட்டியிருப்பார்கள், எம்.பி. நிதியில் கட்டியிருப்பார்கள், கட்டியவர் பெயர் பெரிதாக இருக்கும், பராமரிப்பவர் பெயர் எங்கேயும் இருக்காது. நீங்கள் விளக்குக்கு மனு கொடுத்தால், அது நெடுஞ்சாலை ரோடு என்று திருப்பி அனுப்புவார்கள். பள்ளத்துக்கு மனு கொடுத்தால் அங்கே போ, இங்கே போ என்பார்கள். ஆகவே மனு எழுதுமுன் மண்டல அலுவலகத்தில், பாளையங்கோட்டைக்கு தனி மண்டல அலுவலகம் இருக்கிறது, இந்தச் சாலை யாருடையது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். விளக்குக்கு ஒரு மனு, பள்ளத்துக்கு வேறொரு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் கிடப்பில் போகும்.

மெட்ரோ பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகை என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. அதைக் காட்டித்தான் 2025 நவம்பரில் கோவை, மதுரைத் திட்டங்களையே திருப்பி அனுப்பினார்கள். நெல்லை மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 4.7 லட்சம் பேர். இதை வைத்துக்கொண்டு ஒரு கவுன்சிலர் வேட்பாளர் மெட்ரோ என்கிறார், அதைக் கேட்டு அடுத்த வாரமே ஒரு மனை புரோக்கர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அம்மா, இந்த மனை புரோக்கரிடம்தான் நீங்கள் அதிக கவனமாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பளபளப்பான ஒரு நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நகருக்கு வெகு தொலைவில் ஒரு பொட்டல் காடு, அதன் ஓரத்தில் ரயில் நிலையம் மாதிரி ஒரு படம். ஓய்வூதியப் பணத்திலிருந்து முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வந்திருக்கிறார்.

சுற்றுச்சாலை வருகிறது, புது பஸ் ஸ்டாண்ட் வருகிறது என்றும் இதேபோல் விற்பார்கள். சாலை வருவது உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் வாங்கும் மனை சாலைக்கு எடுக்கப்படும் நிலத்துக்குள்ளேயே இருக்கலாம். சர்வே எண்ணை வாங்கி, நிலம் எடுக்கும் அலுவலகத்தில் அந்த எண் அறிவிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி, ரெரா (மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு எண், வில்லங்கச் சான்று மூன்றையும் நீங்களே சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸ் சரிபார்ப்பு ஆகாது. தேர்தல் சமயத்தில் இவர்கள் வேட்பாளருக்கு முன்னால் நடந்து வருவார்கள், கூடவே படமும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தைக் காட்டி விற்பார்கள்.

இனி உங்கள் ஒன்பதரை மணி பஸ்ஸுக்கு வருகிறேன். பஸ் வேலையிலேயே என் ஆயுசு பாதி போனதால் தெரிந்ததைச் சொல்கிறேன். புது வழித்தடம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். வண்டி வேண்டும், ஆள் வேண்டும், கலெக்‌ஷன் கணக்கு கேட்பார்கள். ஏற்கெனவே ஓடும் வண்டியின் கடைசி நடையை அரை மணி நேரம் தள்ளிக் கேட்பது எவ்வளவோ சுலபம். பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நிறுத்தம், மணி, பஸ்ஸுக்காக நின்றவர்கள் எத்தனை பேர். டவுன் ரத வீதிக் கடைகளில் உங்களைப் போல் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர் அதே நேரத்தில் கிளம்புகிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் தட எண், இப்போது கடைசி நடை கிளம்பும் நேரம், நீங்கள் கேட்கும் நேரம், இவை மூன்றும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். கழகப் பொது மேலாளருக்கு ஒன்று, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒன்று. அங்கே மனுவைப் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்த எண் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

இதற்கு எங்கேயும் கட்டணம் கிடையாது. 500 ரூபாய் வாங்கிய கமிட்டிக்காரரிடம், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள், ஒப்புகை எண் என்ன என்று கேளுங்கள். எண்ணைக் காட்டினால் நல்லது, மனுவில் நேரம் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். காட்டாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தெருவில் கொடுத்த மற்ற வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.