ஜூனியருக்குப் பதவி உயர்வு, எனக்கு மனு மேல் மனுவா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பத்து மாதத்துக்கு முன் வந்த கண்காணிப்பாளர் பேனலில், அதாவது பதவி உயர்வுக்குத் தேர்வானவர்கள் பட்டியலில், என் பெயர் இல்லை. பணிமூப்பில் எனக்குக் கீழே உள்ள இரண்டு பேர் பெயர் வந்து, அவர்கள் பதவியிலும் சேர்ந்துவிட்டார்கள். கேட்டால், "உங்க மேல ஒரு ஃபைல் இருக்கும்மா" என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோப்பு காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அதோடு சரி. மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை. எம்எல்ஏவிடம் கடிதம் வாங்கலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: முதலில் எம்எல்ஏ கடிதத்தை மறந்துவிடுங்கள். பணி விஷயத்துக்கு அரசியல் செல்வாக்கைக் கொண்டுவருவது 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி தவறு. இன்று உங்கள் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அந்தக் கடிதம் போனால், அதையே ஒரு குற்றச்சாட்டாக ஆக்கிவிடலாம்.

இப்போது "ஃபைல் இருக்கு" என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் வழக்கின் உயிரே இங்கேதான். விளக்கம் கேட்பது வேறு, குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பது வேறு. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ)விலோ (சிறு தண்டனைக்கானது) 17(ஆ)விலோ (பெரிய தண்டனைக்கானது) உங்களுக்கு மெமோ, அதாவது அந்தக் குறிப்பாணை, வந்ததா? வரவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ, குற்ற வழக்கானால் குற்றப்பத்திரிகையோ கொடுத்த பிறகுதான் நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. பூர்வாங்க விசாரணை நடக்கிறது, யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக ஒருவரின் பதவி உயர்வைப் பிடித்துவைக்க முடியாது. அது மத்திய அரசு ஊழியர்களைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் மாநில ஊழியர் வழக்குகளிலும் அதைக் காட்டித்தான் வாதாடுகிறோம். உங்கள் மனு கிளப்பிய சூட்டில் நாளைக்கே ஒரு 17(ஆ) வந்தாலும் பயப்படாதீர்கள். பேனல் போட்டு, ஜூனியர்கள் சேர்ந்து முடிந்த பிறகு வரும் மெமோவை அந்தப் பழைய பேனலுக்குக் காரணமாகக் காட்டுவது அவர்களுக்கு எளிதல்ல. லஞ்ச ஒழிப்புத் துறை விசாரணை ஏதாவது இருந்தால் கதை மாறும். அப்படி இருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதே சமயம், காரணம் அந்த ஃபைல்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். என்னிடம் வந்த இப்படிப்பட்ட வழக்குகளில் பாதி வேறு இடத்தில் போய் இடிக்கும். பேனலுக்கான தகுதி நாளன்று தேவையான துறைத் தேர்வுகளை முடித்திருந்தீர்களா? முடித்திருந்தால் அது பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்குத் தரும் அடிப்படைப் பயிற்சியின் சான்று பதிவாகியிருக்கிறதா? முன்பு எப்போதாவது பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமைவிட்டு எழுதிக் கொடுத்தீர்களா? பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் போக மனமில்லாமல் பலர் எழுதிக் கொடுப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். பணிப்பதிவேட்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.

மீதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பணிமூப்புப் பட்டியல், பேனல் உத்தரவு, உங்கள் பெயரை ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிய கோப்புக் குறிப்பு, இந்த மூன்றும் போதும். ஜூனியர்களைப் பற்றி மேலதிகாரி எழுதிய ரகசியக் குறிப்பையோ, அவர்கள் வாங்கிய மெமோக்களையோ கேட்காதீர்கள். அது தனிப்பட்ட தகவல் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டால் மொத்த விண்ணப்பத்தையும் மறுக்க அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மூன்று மனு என்ற வரிதான். மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரட்டும் என்று காத்திருந்தே வழக்கை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சதாசிவசாமி என்று நம் தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு, 1974இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜூனியருக்குப் பதவி உயர்வு கொடுத்துப் பதினான்கு வருடம் கழித்து நீதிமன்றம் வந்திருந்தார். ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஒரு வருடத்துக்குள் வந்திருக்க வேண்டாமா என்று கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள். ரிட் மனுவுக்கு (அரசின் செயலை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடுவது) சட்டத்தில் கெடு கிடையாது என்பது உண்மை. ஆனால் இந்த ஒரு வருடக் கணக்கை அரசு வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்து நீட்டுவார்கள். உங்களுக்குப் பத்து மாதம் போய்விட்டது.

இன்னொரு பொறி இருக்கிறது. "மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் உத்தரவு போடுங்கள்" என்று மட்டும் கேட்டு வழக்குப் போடுவது. சுலபமாக உத்தரவு கிடைக்கும், அதனால் பலரும் விரும்புவார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து "பரிசீலித்தோம், நிராகரிக்கிறோம்" என்று ஒரு பக்கக் கடிதம் வரும். மறுபடி முதலிலிருந்து. பழைய விவகாரத்தில் இப்படி உத்தரவு வாங்குவதால் செத்த உரிமை உயிர் பெறாது என்று 2008இல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், கனிமவளத் துறை ஊழியருடையது.

ஆகவே நான்காவது மனுவை, கடைசி மனுவாக, உரிய வழியாக, அதாவது உங்கள் மேலதிகாரி மூலமாக, கொடுங்கள். தேதி வாரியாகச் சம்பவங்கள், ஜூனியர்களின் வரிசை எண், உங்கள் மேல் குறிப்பாணை எதுவும் இல்லை என்ற ஒரு வரி. கோபம், புலம்பல் வேண்டாம். தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள், ஒரு நகலை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பேனலை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உங்கள் பணி விதியில் இன்னும் கெடு இருந்தால் அதையும் போடுங்கள். பதிலுக்காக இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். தகவல் உரிமையில் கேட்டது வந்ததும், வராவிட்டாலும் ஒரு வருடம் முடிவதற்குள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டுவிடுங்கள். மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தை எப்போதோ மூடிவிட்டார்கள், அதனால் நேராக உயர் நீதிமன்றம்தான். (மத்திய அரசு ஊழியர்கள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்திலேயே ஒரு வருடக் கெடு.)

என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். பதவி உயர்வு யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல. தகுதி உள்ளவரை அதற்குப் பரிசீலிப்பதுதான் அடிப்படை உரிமை. அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவிலிருந்து வருவது. அதனால் "இவரைக் கண்காணிப்பாளர் ஆக்கு" என்று நீதிமன்றம் நேரடியாகச் சொல்வது அபூர்வம். ஜூனியர் உயர்ந்த தேதியிலிருந்து உங்கள் பெயரைப் பரிசீலிக்கச் சொல்வார்கள். ஜெயித்தால் பணிமூப்பும் சம்பள நிர்ணயமும் அந்தத் தேதிக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். இடைப்பட்ட மாதங்களின் சம்பள வித்தியாசம் கைக்கு வருமா என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது. அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஒரு சங்கடம் பாக்கி. அந்த இரண்டு பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தே ஆக வேண்டும். பாதிக்கப்படக்கூடியவரைச் சேர்க்காத வழக்கு நிற்காது. தினமும் ஒரே அறையில் முகம் பார்க்க வேண்டுமே என்று தயங்குவீர்கள். மனு போடும் முன் நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "உங்க மேல எனக்குக் கோபம் இல்லை, சட்டப்படி பெயர் போட வேண்டியிருக்கு." கோர்ட் நோட்டீசைக் கையில் வாங்கித் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.