இறுகிப்போன மாடித்தோட்ட மண்ணைக் கொட்ட வேண்டுமா, உயிர்ப்பிக்க முடியுமா?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள இருபது பைகளில் காய்கறி வளர்க்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினேன். முதல் பட்டத்தில் தக்காளியும் கத்தரியும் நன்றாகக் காய்த்தன. இப்போது மண் நான்கு விரற்கடை இறங்கிவிட்டது. காய்ந்தால் கட்டியாக இறுகுகிறது; ஊற்றும் நீர் ஓரமாக ஓடி அடியில் வெளியேறுகிறது. வாரந்தோறும் பஞ்சகவ்யம் கொடுத்தும் மிளகாய்ச் செடிகள் வெளிறியே நிற்கின்றன. இந்த மண்ணைக் கொட்டிவிட்டு, கடையில் ‘உயிர் மண்’ என்று விற்கும் கலவையை வாங்கலாமா? அதை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

பதில்: மண்ணைக் கொட்ட வேண்டாம். உங்கள் இருபது பைகளிலும் சேர்த்து, இறங்கியது போக ஏறத்தாழ 300 லிட்டர் மண் இருக்கும். அதில் ஒரு பிடியைக்கூட மாடியிலிருந்து இறக்கத் தேவையில்லை. அந்த மண் கெட்டுவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. இதை மீட்டெடுக்கும் வேலையும், கடையில் ‘உயிர் மண்’ என்று விற்கும் பொருளைத் தயாரிக்கும் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நடந்தது என்னவென்றால், நீங்கள் நிரப்பிய மூன்று பொருள்களில் நுண்ணுயிர்களுக்கு உணவு என்று சொல்லத்தக்கது மண்புழு உரம் ஒன்றே. செம்மண் என்பது கனிமத் துகள். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு போன்றது. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, எளிதில் மட்காத மரப்பொருளோ மிக அதிகம். மட்க வைக்காத நார்க்கழிவில் கரிச்சத்து நூறு பங்கு இருந்தால் தழைச்சத்து ஒரு பங்குதான் இருக்கும். அதைச் சிதைக்க முனையும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், செடிக்கு அதில் பங்கு குறைகிறது. மண்புழு உரம் நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு பட்டங்களுக்குள் பெரும்பாலும் சிதைந்து, காற்றோடு கரியமில வாயுவாகப் போய்விடும். நான்கு விரற்கடை மண் இறங்கியதற்கு இதுவே முதன்மையான காரணம். மண் துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாகப் பிணைத்து வைத்திருப்பவை பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும். உணவு தீர்ந்து அவை குறைந்தபின் உருண்டைகள் உடைந்து, களித்துகள்கள் இடுக்குகளை அடைத்துக்கொள்கின்றன. காயும்போது முழு மண்ணும் ஒரே கட்டியாகச் சுருங்கிப் பையின் சுவரைவிட்டு விலகுவதால், ஊற்றும் நீர் அந்த இடைவெளி வழியே ஓடிவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. புளியங்கொட்டை அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இடுங்கள். ஓரிரு நிமிடத்தில் பொலபொலவென்று கரைந்து அடியில் சேறாகப் படிந்தால் பிணைப்பு இல்லை என்று பொருள். நெடுநேரம் உருக்குலையாமல் நின்றால் அந்த மண்ணில் உயிரோட்டம் இருக்கிறது. மழை பெய்த தரையின் மணம் மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் வகை நுண்ணுயிர்களால் வருவது. நனைத்த மண்ணில் அந்த மணமே இல்லையென்றாலும் அதே முடிவுக்கு வரலாம்.

பரிகாரத்துக்கு முன் மூன்று காரியங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, மிளகாயில் எந்த இலை வெளிறுகிறது என்பது. அடி இலைகள் முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நுனி இலைகள் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. காரத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றும் வீடுகளில் இரண்டாவது வகையை அதிகம் பார்க்கிறேன். இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. அங்கே அடுப்புச் சாம்பலைச் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும். அடுத்தது, பையின் விளிம்பில் வெண்மையாக உப்புப் பூத்திருக்கிறதா என்பது. கடைசியாக, ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரிலேயே வீக்கம் வீக்கமாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றைத் தொடர்ந்து ஒரே பையில் நட்டால் இது பெருகும். அத்தகைய பையின் மண்ணை மட்டும் தனியே எடுத்து, ஈரமாக்கி, நிறமற்ற பாலித்தீன் தாளால் இறுக மூடிக் கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருந்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். அந்த வெப்பத்தில் நல்ல உயிர்களும் குறையும் என்பதால் மற்றப் பைகளுக்கு இதைச் செய்யாதீர்கள்.

பஞ்சகவ்யத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் அதைப் பரப்பியதிலிருந்து தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளின் கையில் அது நல்ல கருவியாக இருந்துவருகிறது; எனக்கும் அதில் மதிப்பு உண்டு. ஆனால் 3 சதவீதக் கரைசலாக, அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி என்று நாம் கொடுக்கும்போது அது ஊக்கியாகத்தான் செயல்படும். ஒரு காய்கறிச் செடிக்குத் தேவையான தழைச்சத்து முழுவதையும் அது தராது. நுண்ணுயிர்களைக் கொண்டுபோய் உணவில்லாத இடத்தில் விட்டால் அவை அங்கே நிலைக்க மாட்டா. சாணம், கோமியம், சர்க்கரை, பயறு மாவு கலந்து ஊறவைக்கும் ஜீவாமிர்தத்துக்கும் இதுவே பொருந்தும். முதலில் மண்ணில் மட்கு இருக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிக் கட்டிகளை உடைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேர்களை அகற்ற வேண்டாம், அவையும் உணவே. ஒரு பைக்குத் தேவையான சுமார் 20 லிட்டர் கலவையில் பழைய மண் 13 லிட்டர், நன்கு மட்கிய தொழுவுரமோ வீட்டு மட்கு உரமோ 5 லிட்டர், கருக்கிய நெல் உமி 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, அதனுடன் வேப்பம் புண்ணாக்கு 100 கிராமும் எலும்புத்தூள் 50 கிராமும் சேருங்கள். எலும்புத்தூளை விரும்பாதவர்கள் அதை விட்டுவிட்டு, மண்ணிலுள்ள மணிச்சத்தைக் (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவைச் சேர்க்கலாம். உமிக்கரி பல்லாண்டு மட்காமல் நின்று மண்ணில் காற்று இடைவெளியைக் காக்கும். வெறுமனே போட்டால் அது கரைந்த சத்துகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஜீவாமிர்தத்திலோ தொழுவுரம் ஊறிய நீரிலோ இரண்டு நாள் ஊறவைத்துச் சேர்ப்பது நல்லது. புதிதாக நார்க்கழிவு எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் சிப்பிக்காளான் வித்துக் கொண்டு மட்க வைத்த, கறுத்த நார்க்கழிவையே கேட்டு வாங்குங்கள்.

தொழுவுரம் எவ்வளவு மட்கியது என்பதில் கண்டிப்பாக இருங்கள். ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்று உழவர்கள் சொல்வது, ஆட்டுப் புழுக்கை சத்தை விரைவாக விடும், மாட்டுச் சாணம் மெல்ல விடும் என்ற பொருளில்தான். இரண்டையும் பச்சையாகப் பையில் இட்டால் சூடேறி வேர் கருகும். ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கிப் பாலித்தீன் பையில் மூன்று நாள் கட்டிவைத்துப் பிரித்துப் பாருங்கள். நாற்றம் அடித்தால் அது இன்னும் மட்கவில்லை.

கலவையைப் பையில் நிரப்பிய உடனே மிளகாய் நாற்றைத் தேடிப் போகாதீர்கள். என் அனுபவத்தில், மண்ணை உயிர்ப்பிப்பதில் உரத்தைவிட வலிமையானது உயிருள்ள வேர். செடி தன் இலையில் தயாரிக்கும் மாவுச்சத்தில் கணிசமான ஒரு பகுதியை வேர் வழியே மண்ணில் கசியவிட்டு நுண்ணுயிர்களுக்கு ஊட்டுகிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று வலியுறுத்திய பலதானிய விதைப்பின் நுட்பம் இதில்தான் இருக்கிறது. வயலில் செய்வதைப் பையிலும் செய்யலாம். கம்பு, சோளம், தட்டைப்பயறு, உளுந்து, எள், வெந்தயம், கடுகு, சணப்பை என்று வீட்டிலும் நாட்டுமருந்துக் கடையிலும் விதைக் கடையிலும் கிடைப்பதில் ஏழெட்டு வகையைக் கலந்து, பைக்கு ஒரு தேக்கரண்டி அளவு தூவி மூடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் புண்ணாக்கின் சூடும் அடங்கிவிடும். விதைகளில் சில முளைக்காமல் போனாலும் கவலை இல்லை. 40 முதல் 45 நாளில், பூக்கத் தொடங்கும் தருணத்தில், வேரைப் பிடுங்காமல் தண்டை மண்மட்டத்தில் வெட்டி, சிறு துண்டுகளாக நறுக்கி, இரண்டு நாள் வாடவிட்டு மேல் நான்கு அங்குல மண்ணில் கலந்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் தட்டைப்பயறின் வேர் ஒன்றை எடுத்து, அதிலுள்ள உருண்டை முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. (நூற்புழு வீக்கம் வேரோடு வேராக இருக்கும், பயறின் முடிச்சு பக்கத்தில் ஒட்டியதுபோல் எளிதில் உதிரும்.) கலந்தபின் மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் போதும். சித்திரை நடுவில் விதைத்தீர்களானால் ஆடிப்பட்டத்துக்குப் பை தயாராக இருக்கும்.

அந்த மூன்று மாதத்தில் சமையலறைக் கழிவையும் மட்க வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான 100 லிட்டர் உரமும் அங்கிருந்தே கிடைக்க வழியுண்டு. ஈரக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு பங்கு என்று கொள்ளளவில் எடுத்து அடுக்கி, பிழிந்த துணியளவு ஈரத்தில் வைத்து வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். நாற்றம் வந்தால் இலை போதவில்லை; சூடே வராமல் அப்படியே கிடந்தால் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை. தெருவில் கூட்டி எரிக்கும் வேப்பிலையையும் பூவரசு இலையையும் இரண்டு சாக்கு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நல்ல பொருள் தினமும் புகையாகப் போவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் காய்ந்த இலைப் பரப்பு, இல்லாமல் இதில் எதுவும் நிலைக்காது. திருச்சியின் அக்கினி நட்சத்திர வெயிலில் பைச்சுவரை ஒட்டிய மண் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். மண்புழு வயலில் ஆழத்துக்குப் போய்விடும், பையில் அதற்குப் போக்கிடம் இல்லை. (ஆகவே மண்புழுவை விலைக்கு வாங்கிப் பையில் விடாதீர்கள்.) மேலே மூன்று விரற்கடை கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பி, தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் மட்டும் இடம் விடுங்கள். பைகளை நெருக்கி வையுங்கள். மேற்குப் பக்கத்துப் பைகளின் சுவரைச் சாக்கால் மறையுங்கள். கோடையில் பாதி நிழல் தரும் வலை கட்டுங்கள். நீரை ஒரே மூச்சில் ஊற்றாமல், பாதியளவு ஊற்றி அரைமணி கழித்து மீதியை ஊற்றினால் ஓரத்தில் ஓடுவது நிற்கும். விளிம்பில் உப்புப் பூத்த பைகளை ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாக நனையவிடுங்கள். அந்த நாள்களில் மழைநீரைப் பிடித்துப் பையின் கொள்ளளவைப்போல் இருமடங்கு ஊற்றினால் உப்பு அடிவழியே கழுவப்படும்.

நுண்ணுயிர் உரங்களுக்கு இப்போதுதான் இடம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேர்நோய்களை அடக்கும் டிரைக்கோடெர்மா ஆகியவை உங்களுக்கு அருகிலுள்ள சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் விசாரித்தால் குறைந்த விலையில் கிடைக்கும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, மட்கிய உரத்தில் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துப் பெருக்கியபின் இடுங்கள். வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தை (மைக்கோரைசா) மட்டும் நாற்று நடும் குழியில், வேர் தொடும்படி இட வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டைக்கு அது துணைநிற்கும். முள்ளங்கி, முட்டைகோஸ், கீரைத்தண்டு போன்றவற்றின் வேரோடு அது பெரும்பாலும் கூட்டுச் சேராது. அவற்றுக்கு இடுவது வீண். ஜீவாமிர்தம் தர விரும்பினால் 10 லிட்டர் நீரில் நாட்டுமாட்டுச் சாணம் 500 கிராம், கோமியம் 500 மில்லி, நாட்டுச் சர்க்கரை 100 கிராம், பயறு மாவு 100 கிராம், ஒரு பிடி நல்ல மண் கலந்து, நிழலில் இரண்டு நாள் காலையும் மாலையும் கலக்கிவிட்டு, பத்து மடங்கு நீர் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா ஆகியவற்றின் இலைமீது இதைத் தெளிக்க வேண்டாம்.

கடையில் விற்கும் கலவையைப் பொறுத்தவரை, நான் பார்த்தவற்றில் பலவும் நீங்கள் முதலில் நிரப்பிய அதே மூன்று பொருள்களுடன் சிறிது புண்ணாக்கு சேர்த்தவையே. ஐயம் இருந்தால் ஒரே ஒரு பைக்கு மட்டும் வாங்கி நிரப்பி, அதிலும் நீங்கள் மீட்டெடுத்த இன்னொரு பையிலும் ஒரே நாளில் ஒரே வகை மிளகாய் நாற்றை நட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே நீரும் ஒரே மூடாக்கும் கொடுத்து, ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் பைக்கு இரண்டு லிட்டர் மட்கு உரத்தை மேலாக இட்டு வாருங்கள். இரண்டாவது பட்டத்தில் இரு பைகளின் மண்ணிலிருந்தும் ஒவ்வொரு கட்டியை எடுத்து மறுபடி குவளை நீரில் இட்டுப் பார்த்துவிட்டு, மீதிப் பைகளைப் பற்றி முடிவு செய்யுங்கள்.