கோச்சிங்குக்கு ஆட்கள் வராததற்கு என் பதில்

வணக்கம் சகோதரரே. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் 14 சூப்பர்வைசர்களுக்குக் கோச்சிங் (பாடம் நடத்தாமல், கேள்வி கேட்டு அவர்களே வழி காண உதவுகிற தனிப் பேச்சு) தொடங்கினீர்கள், இரண்டாவது அமர்வுக்கே ஆட்கள் நழுவுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். புகார் வந்த நால்வரை முதலில் கூப்பிட்டதும், குறிப்புகள் மேனேஜர் மேசைக்குப் போவதும்தான் காரணம். யாரும் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நன்றாக வேலை செய்கிற, தாமாக விரும்பி வருகிற இருவரோடு மறுபடி தொடங்குங்கள். பேசியது வெளியே போகாது என்று மேனேஜரே எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். அவருக்கு இலக்கும் திகதியும் தெரிந்தால் போதும்.

அப்புறம், அந்த ஆபிஸ் அறையை விடுங்கள். தலவாக்கலையில் ஒரு இளைஞனோடு நான் கொழுந்து வாட்டுகிற இடத்தில் நின்றுதான் பேசினேன். "பதமாயிருச்சா?" என்று கேட்டேன். ஒரு பிடி அள்ளி உருட்டிக் கையைத் திறந்தான். உருண்டை உடனே பிரிந்துவிட்டது. "இன்னும் வாடணும் சார். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு இதைச் சொல்லாமலே போயிடுறேன்" என்றான். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அப்போ நாளைக்கு என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம் போதும். கொழுந்து குவிகிற நாட்களில் மட்டும் வைக்காதீர்கள்.