இரண்டரை ஏக்கரும் ஒரு காடும்

அன்பின் ஐயா,

இலங்கையின் ஆதிவாசிகளான தம்பானை வேடர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மகாவலி ஆற்றில் அணை கட்டிப் புதிய வயல்களுக்குத் தண்ணீர் விட்ட மகாவலித் திட்டத்தால் அவர்கள் காட்டை இழந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அப்பா அம்மா இன்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறார்கள். மனதில் பட்டதை மறைக்காமல் கேட்கிறேன். வேடர்களுக்கு அரசாங்கம் இரண்டரை ஏக்கர் வயலும், வீட்டுக்கு அரை ஏக்கரும், வாய்க்கால் தண்ணீரும் கொடுத்தது. நாங்கள் இருநூறு வருடம் இந்த மலையில் உழைத்தும் ஏழு பேர்ச் (ஓர் ஏக்கர் 160 பேர்ச்) காணிக்குக் காத்திருக்கிறோம். அவர்களுக்கு என்ன குறை? அவர்கள் காட்டோடு இருக்க வேண்டும் என்று எழுதுவது, பிள்ளைகள் படிக்க வேண்டாம், கரண்ட் வேண்டாம் என்று சொல்வது போல இல்லையா? இன்னொன்று, எங்கள் தரம் பத்துப் பிள்ளைகளைத் தம்பானைக்குச் சுற்றுலா கூட்டிப்போக யோசித்திருக்கிறோம். போகலாமா?

தலவாக்கலையில் இருந்து ஓர் ஆசிரியர்

*

அன்பின் ஆசிரியருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. லயத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும். அந்த இரண்டரை ஏக்கரில் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டதற்கான பதில் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் வேடர்களுக்கென்று ஒதுக்கிய சலுகை அல்ல. மகாவலியில் குடியேறிய எல்லாக் குடும்பத்துக்கும் அதுதான் அளவு. ஊரில் காணியே இல்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த விவசாயிக்கு அது பெரிய வரவு. நம் தோட்டத்து ஆட்களுக்குக் கிடைத்திருந்தால் நமக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வேடர்களுக்கு அது வரவாக வரவில்லை, ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக வந்தது. எடுத்தது எவ்வளவு என்று தெரியாமல் கொடுத்ததை மட்டும் பார்த்தால் கணக்கு சரியாக வராது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருடத்தில் முடிக்கலாம் என்று போட்ட மகாவலித் திட்டத்தை, 1977இல் வந்த அரசாங்கம் ஆறு வருடத்துக்குள் முடிக்கிறோம் என்று அவசரப்படுத்தியது. மேலே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள். கீழே மகியங்கனைக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்த வறண்ட காட்டை வெட்டி வயலாக்கினார்கள். அங்கே திரிந்த யானைகளுக்கு இடம் இல்லாமல் போனது. அந்த விலங்குகளுக்காகவும், புதிய குளங்களின் நீரேந்து பகுதியைக் காப்பதற்காகவும் 1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுரு ஓயா தேசிய பூங்காவை அறிவித்தார்கள். 588 சதுர கிலோமீட்டர். வேடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த, கிழங்கு தோண்டிய, வேட்டையாடிய காடு அந்த எல்லைக்குள் போனது. தேசிய பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், வேட்டையைச் சொல்லவே வேண்டாம். குடும்பங்களை ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். வேடர் தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் மட்டும் வரமாட்டோம் என்று தம்பானையின் கொட்டபக்கினியாவிலேயே இருந்துவிட்டார்கள்.

யானைக்கு இடம் போனபோது அதற்கு ஒரு காடு தேடிக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் காட்டிலேயே இருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான்.

காட்டில் அவர்களுக்கு என்ன சொந்தம் இருந்தது, எல்லாம் பொதுக்காடுதானே என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே ஆங்கிலேய மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் வேடர்களோடு இருந்து ஆராய்ந்து 1911இல் வெளியிட்டதில் இது விபரமாக இருக்கிறது. எந்த மலை எந்தக் குடும்பத்துக்கு, எந்தப் பாறையில் தொங்கும் மலைத்தேன் கூடு யாருக்கு என்பதெல்லாம் அவர்களுக்குள் தீர்ந்த விஷயம். ஒருவருடைய பாறையில் இன்னொருவர் கேட்காமல் கை வைக்கமாட்டார். நம்மைப் போலவே மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. அப்பன் பிள்ளைக்குக் கொடுப்பது போல மாமனார் மருமகனுக்கும் தன் பங்கில் ஒரு பகுதியைக் கொடுப்பார். பெயரோடும் எல்லையோடும் வாரிசோடும் இருந்த சொத்து அது. காணி உறுதி என்று ஒரு பத்திரக் கடதாசி மட்டும் இல்லை.

தம்பானையில் தோளில் கோடரியோடு நின்ற ஒரு பெரியவரிடம் தேன் எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். வாயால் சொல்லத் தொடங்கியவர் கொஞ்ச நேரத்தில் எழும்பி நின்று செய்தே காட்டினார். காட்டுக்கொடியை முறுக்கிய ஏணியைப் பாறை உச்சியில் மரத்தோடு கட்டித் தொங்கவிட வேண்டும். மேலே இருந்து ஏணியைப் பிடிப்பவர் மச்சானாக இருந்தால் நல்லது என்றார், தங்கச்சியை விதவையாக்க அவனுக்கு மனம் வராதாம். பச்சை இலைக் கட்டைப் புகையவிட்டுக் கீழே இறக்குவார்கள். ஈக்கள் விலகியதும் நீண்ட கம்பால் கூட்டை அறுத்து மான்தோல் பையில் ஏந்த வேண்டும். அடியில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வர வேண்டும், அடுத்த வருடமும் ஈ வருமே. எந்தப் பாறைக்கு எந்த மாதம், எந்த மரம் பூத்தால் தேன் எந்த நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் அவர் மகன் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். தானே பயந்து பயந்து போன காட்டுக்குப் பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டார். நடந்து பழகித்தான் இந்த அறிவு வரும். நடக்கத் தடை வந்து நாற்பது வருடம் ஆகிறது.

இனி அந்த இரண்டரை ஏக்கருக்குத் திரும்பி வருவோம். குடியேற்றக் காணியை அனுமதிப்பத்திரத்தில்தான் கொடுத்தார்கள். விற்கவோ, நினைத்தபடி துண்டு போடவோ முடியாது. வாரிசாக ஒரு பிள்ளையின் பெயரைத்தான் எழுதலாம். நான்கு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மற்ற மூன்று பேரும் என்ன செய்வது? காட்டில் அந்த நான்கு பேருக்கும் இடம் இருந்தது. இப்போது அந்த மூவரும் கூலி வேலைக்குப் போகிறார்கள். உங்கள் வகுப்பில் படிக்கிற பிள்ளைகளின் அண்ணன்மார் கொழும்புக் கடைகளுக்குப் போவதும், இவர்கள் அடுத்தவர் வயலுக்கு நாள் சம்பளத்துக்குப் போவதும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

ஆகவே, யாருக்குக் கூடக் கிடைத்தது என்ற கணக்கில் இந்த இரண்டு சனத்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நமக்கும் அவர்களுக்கும் நடந்தது ஒரே சட்டத்தில் இருந்து கிளம்புகிறது. 1840இல் ஆங்கிலேயர் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். பயிரிடாத காடும் தரிசும், வேறு ஒருவருடையது என்று நிரூபிக்கும் வரைக்கும், முடிக்குரியது, அதாவது அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றார்கள். கண்டிக் கிராமத்தவர்கள் இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்ட சேனைக்காடு அப்படித்தான் போனது. அந்தக் காடுகளை ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக்கூட வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்றிருக்கிறார்கள். அதை வெட்டிக் கோப்பி போடத்தான் நம் பாட்டன் பூட்டன்மாரைத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கடதாசி இல்லாதவனுக்கு நிலம் இல்லை என்ற அந்த நினைப்புத்தான் 1983இல் வேடரைக் காட்டுக்கு வெளியே நிறுத்தியது. நம்மை இன்றும் லயத்தில் வைத்திருப்பதும் அதுதான். நமக்குக் காணி உறுதி வேண்டும், அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். அவர்களுக்கு உறுதி மட்டும் போதாது, காட்டுக்குள் போய்வரும் உரிமையும் வேண்டும். கேட்பது வேறு என்பதால் அவர்கள் கேட்பது அநியாயமாகிவிடாது.

படிப்பும் கரண்டும் வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வேண்டும். தம்பானையில் பாடசாலை இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், படித்து மேலே வரவும் வேண்டும். கரண்ட் கம்பி இழுப்பதற்கு யாருடைய காட்டையும் பறிக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி கட்டுவதற்குத் தேன் எடுப்பதைத் தடைசெய்யத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விடு என்று சொன்னது திட்டம் போட்டவர்கள். வேடர்கள் அப்படிக் கேட்டதே இல்லை. திசாஹாமியின் மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். காட்டு உரிமையை வைத்துக்கொண்டே இந்த உலகத்தில் நிற்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அவ்வளவு தூரம் போனார்.

காட்டையும் விலங்கையும் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்தார்கள் என்று ஒருவர் சொன்னால், நான் அம்பாறை மாவட்டத்துப் பொல்லேபெத்தவைக் காட்டுவேன். அங்கே வேடர்களின் பழைய காட்டைச் சோளம் போடுவதற்கு வெட்டியதை எதிர்த்து 2020இல் இதே வன்னில அத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. சோளத்துக்குத் திறக்கிற காடு தேனெடுக்கப் போகிறவனுக்கு மூடியே இருக்கிறது. அப்புறம், வேடர் என்றால் சிங்களம் பேசுகிறவர்கள் மட்டும்தான் என்றும் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசுகிற வேடர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சரி, சுற்றுலா. தாராளமாகப் போங்கள். நேரே தம்பானைக்குப் போய், அருங்காட்சியகத்தையும் ஆட்டத்தையும் பார்த்து, கோடரிக்காரரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதென்றால் மட்டும் அவ்வளவு பயன் இல்லை. தவலந்தென்னைப் பக்கமாக இறங்கினால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும், கண்டி தாண்டித் தெல்தெனியவில் விக்டோரியா. அங்கே நிறுத்திப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். தலவாக்கலையைத் தொட்டு ஓடும் கொத்மலை ஓயாதான் மகாவலியில் சேர்ந்து, மினிப்பேயில் வாய்க்காலில் திரும்பி, உல்ஹிட்டியக் குளத்துக்குப் போய், ஹெனானிகல பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. 2012இல் திறந்த மேல் கொத்மலை மின் திட்டத்துக்காக லயத்தை விட்டு எழும்பிய குடும்பங்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் யாராவது வகுப்பில் இருந்தால், மாறிப்போன கதையை வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இறங்கி மகியங்கனைக்குப் போனதும், தம்பானையோடு ஹெனானிகலவுக்கும் போங்கள். முன்கூட்டியே அங்கே யாரிடமாவது கேட்டு, ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேச ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். ஆகஸ்ட் 9 ஆதிவாசிகள் தினம், அன்றைக்கு விழாவும் கூட்டமுமாக இருக்கும், பேச முடியாது, வேறு நாள் பாருங்கள். அங்கே இருக்கிற தரம் பத்துப் பிள்ளைகளிடம் உங்கள் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், அவர்கள் திருப்பி என்ன கேட்டார்கள் என்று போய்வந்த பிறகு எழுதுங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.