ஆறு மாத வேலைக்காகக் கொல்கத்தா செல்கிறேன். அந்தக் காலத்தை எப்படி நன்றாகக் கழிக்கலாம்?

முதல் வாரமே ஊருக்குள் இறங்கிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால், ஆறு மாதமும் அலுவலகத்துக்கும் அறைக்கும் நடுவிலேயே ஓடிவிடும்.

தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம் இட்லி, காபிக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் அங்கேயே சாப்பிட்டால் கொல்கத்தா உங்களுக்குப் பழகவே பழகாது.

ஒரு விடியற்காலையில் ஹவுரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். ஆரஞ்சும் மஞ்சளுமாகச் செண்டுமல்லிச் சரங்களைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக நின்று பாருங்கள். பிறகு படகேறி ஹூக்ளி ஆற்றைக் கடந்து பாருங்கள். குளிர்காலம் என்றால், புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற வங்காள இனிப்பை விட்டுவிடாதீர்கள். கோடையில் அந்த மணம் வராது.

கட்டில், பீரோ எதுவும் வாங்க வேண்டாம். வாடகைக்கே கிடைக்கும்.