ட்ரிபிள் ஆப்ஷனில் பந்து நழுவுவது பற்றி

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் ட்ரிபிள் ஆப்ஷனில், அதாவது பந்தை ஃபுல்பேக்கிடம் கொடுப்பது, தானே வைத்துக்கொண்டு ஓடுவது, பக்கவாட்டில் இன்னொருவருக்கு வீசுவது ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில், உங்கள் பள்ளி அணியின் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் வீரர்), பந்தை ஃபுல்பேக்கிடம் (தமக்குப் பின்னால் நின்று நேராகப் பாயும் வீரர்) கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்று கடைசி நொடியில் தடுமாறிக் கீழே விட்டுவிடுகிறார் என எழுதியிருந்தீர்கள். கைகளுக்கு முன் அவருடைய கண்களைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

நாம் வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவைக்கும் தற்காப்பு வீரரைப் பார்த்து இரண்டு வழிகளையும் சமமாக எடைபோடச் சொன்னால் எந்த இளைஞரும் தயங்குவார். ஆகவே, அவ்வீரர் ஃபுல்பேக்கை மறிக்க உள்நோக்கிப் பாய்ந்தாலொழியப் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே விதியை வையுங்கள். பந்தை ஃபுல்பேக்கின் வயிற்றோடு சேர்த்து நகர்த்தி, அது தம் முன்காலைத் தாண்டுவதற்குள் குவார்ட்டர்பேக் முடிவெடுத்தாக வேண்டும். அதுவரை ஃபுல்பேக் பந்தை மெல்ல அணைத்திருக்கலாமே தவிர, இறுகப் பற்றக் கூடாது. பெரும்பாலும் பந்து விழுவது இந்த இழுபறியால்தான்.

ஃபுல்பேக் நிற்கும் தூரத்தையும் அளந்து பாருங்கள். 1968இல் பயிற்சியாளர் எமோரி பெல்லார்ட் வகுத்த, குவார்ட்டர்பேக்கின் பின்னால் ஃபுல்பேக்கும் அவருக்குப் பின்னே இருபுறமும் இரு ஓட்டக்காரர்களும் நிற்கும் விஷ்போன் அமைப்பில் டெக்சஸ் பல்கலைக்கழகம் முதல் இரண்டு ஆட்டங்களில் வெல்லவில்லை. ஃபுல்பேக்கைச் சற்றுப் பின்னே நகர்த்தி, குவார்ட்டர்பேக்கையும் மாற்றிய பிறகு தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. ஃபுல்பேக்கிடம் பந்து கைமாறுவது சீராகும் வரை, பக்கவாட்டில் வீசும் பிட்ச் பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.